கெய்ரோவில் என்ன குறை?

அநியாயம் நடந்தது ஷைமாவுக்குத்தான். கம்பெனியின் இரண்டு நாள் பயிற்சி முகாமைக் கடலோரம், ராஸ் எல்பரில் வைக்கலாம் என்று படித்துப் படித்துச் சொன்னவள் அவள். காதில் போட்டுக்கொள்ளாமல் கெய்ரோவில் வைத்தவர் மேலாளர் வகீஹ். இப்போது ஓடிப்போன ஆட்களைத் தேடி அலைகிறவளும் அவளேதான்.

மன்சூராவில் குளியலறை டைல்ஸ் விற்கிற கம்பெனி. ஷைமா அதில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முகாம் எப்படி நடக்கிறது என்று இன்று மாலை முதலாளி ஹாஜி மெத்வல்லியிடம் அவள் போனில் சொல்ல வேண்டும். அவர் திருப்திப்பட்டால்தான் வேலை நிரந்தரம்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. ஹோட்டல் கூடத்தில் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று எழுதிய துணிக்குக் கீழே மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது.

"இப்ப நம்பிக்கைப் பயிற்சி," என்றார் வகீஹ். "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு, பத்து நிமிஷம் கம்பெனியோட எதிர்காலத்தை நினைங்க."

ஷைமா நினைத்தாள். மனதார நினைத்தாள். கண்ணைத் திறந்தபோது கம்பெனியின் எதிர்காலமாக வெறும் நாற்காலிகள் மட்டும் இருந்தன. கடைசி வரிசையில் டிரைவர் ரமழான் தூங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க மட்டும் ஏன் போகலை?" என்று அவரை எழுப்பிக் கேட்டாள்.

"வண்டியை எடுத்தா, திரும்ப நிறுத்த இந்த ஊர்ல இடம் கிடைக்காதும்மா."

முதலில் குடோன் ஹுஸ்னிக்குப் போன் போட்டாள்.

"அக்டோபர் பாலத்துல மாட்டிக்கிட்டேன் ஷைமா. வண்டி ஒரு அடி நகர மாட்டேங்குது."

அவன் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "ஹுஸ்னி, வாத்துக் கால் இன்னொண்ணு வைக்கவா?"

"பாலத்துல யாரு வாத்துக் கால் பரிமாறறாங்க?"

"கெய்ரோம்மா இது. பாலத்துல எல்லாமே கிடைக்கும்."

அடுத்து, விற்பனைப் பிரிவு தவ்ஹீதா.

"தண்ணி குடிக்க வந்தேன் கண்ணு. இதோ வந்துட்டே இருக்கேன்."

"பின்னால யாரோ திரைச்சீலை விலை சொல்றாங்க. தண்ணி குடிக்க மூஸ்கி கடைத்தெருவுக்கா போனீங்க?"

"ஹோட்டல் தண்ணி ஒத்துக்கலை கண்ணு."

கணக்கர் அத்லி போனை எடுக்கவே இல்லை. மற்றவர்கள் எல்லாரும் பாலத்தில் இருந்தார்கள். அத்தனை பேர் ஏறியும் அந்தப் பாலம் இடிந்து விழாதது ஆச்சரியம்தான்.

ஷைமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகீஹ் மேடையில் தனியாக உட்கார்ந்து, ஊழியர்களுக்கு வந்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"உஸ்தாத், நான் அப்பவே சொன்னேன். பெரிய ஊர்ல வச்சா ஆள் நிக்காது. ராஸ் எல்பர்னா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நைல். தப்பிக்கணும்னா நீந்தித்தான் போகணும். இங்க ஆளாளுக்கு ஒரு அத்தை, ஒரு கடைத்தெரு. கம்பெனி சம்பளத்துல வாத்து தின்றாங்க. இது திருட்டு இல்லையா? ஹாஜிகிட்ட ஒண்ணு விடாம சொல்லப் போறேன்."

"சொல்லு," என்றார் வகீஹ். "ஆனா ராஸ் எல்பர்ல காது ஆஸ்பத்திரி இருக்கா?"

"காதா?"

"அத்லியோட பேத்திக்கு இன்னிக்கு ஆபரேஷன். லீவு கேட்டுக் கேட்டு அலுத்துட்டான். 'காதுக்கெல்லாமா லீவு, இன்னொரு காது இருக்குல்ல'ன்னு ஹாஜி கேட்டார். தவ்ஹீதா பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம், ஒரு திரைச்சீலைகூட இன்னும் வாங்கலை. ஹுஸ்னிக்கு வாத்து பரிமாறினது அவனை வளர்த்த அத்தை. இப்ப அவங்களுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. அவனை ஒருத்தனைத்தான் அடையாளம் தெரியுது."

ஷைமா வெறும் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"லீவுன்னு எழுதினா ஹாஜி கிழிச்சுப் போடறார். முகாம்னு எழுதினா, 'நல்லா வேலை வாங்குங்க'ன்னு கையெழுத்துப் போடறார். நான் என்ன பண்ண? அதான் கண்ணை மூடச் சொன்னேன். நீ ஒருத்திதான் நிஜமாவே மூடிட்டே."

"என்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமே உஸ்தாத்?"

"சொன்னா நீயும் பொய் சொல்லணும். மாட்டினா உன் வேலை போகும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. வகீஹ் கிறுக்கன், கெய்ரோதான் வேணும்னு அடம் பிடிச்சான்னு பழியை என் மேல போட்டுட்டு நீ தப்பிச்சுக்கோ. எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான்."

மாலைக்கு முன்பே போன் அடித்தது. ஹாஜி மெத்வல்லி.

"என்ன பொண்ணே, எல்லாரும் இருக்காங்களா?"

ஷைமா வகீஹைப் பார்த்தாள். அவர் தன்னையே சுட்டிக் காட்டி, 'சொல்லு' என்று தலையாட்டினார்.

"எல்லாரும் எங்க இருக்கணுமோ அங்க இருக்காங்க, ஹாஜி."

"வேலையில கவனமா இருக்காங்களா, இல்ல ஊர் சுத்தறாங்களா?"

"இவ்வளவு கவனமா நான் அவங்களைப் பார்த்ததே இல்லை."

ஹாஜி குரலைத் தாழ்த்தினார்.

"நீதான் கெய்ரோ வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நின்னியாமே. உன் வாய் சும்மா இருக்காதுன்னு கேள்விப்பட்டேன். மறைக்காம சொல்லு, பெரிய ஊர்ல வச்சதுல என்ன குறை?"

காலையிலிருந்து நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்ற குறைகளை எல்லாம் ஷைமா விழுங்கினாள்.

"ஒரே குறைதான் ஹாஜி. ரெண்டு நாள் பத்தலை."