எந்த நாகேந்திரம்?

ஆளையே பிரதியெடுக்கும் இயந்திரம் வந்த பிறகு அந்த வெள்ளவத்தை வீட்டில் நாகேந்திரம் இரண்டு பேர். சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் தடுப்புக்காவலில் இருந்தவர் இன்றைக்கு விடுதலையாகி வருகிறார். வீட்டிலிருந்தவரோ காலையிலேயே உடுப்புகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க வெளிக்கிடுறியள்?” என்று கேட்டாள் மனைவி பாலேஸ்வரி.

“மட்டக்குளியில அறை பாத்திட்டன். இனி இந்த வீட்டில இருக்கவேண்டியவர் அவர்தான்.”

“விசர்க்கதை கதைக்காமல் தேங்காயைத் துருவுங்கோ. அவருக்குச் சொதி எண்டா உயிர்.”

“எனக்கும்தானே!”

மணி அடித்தது. பாலேஸ்வரி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மெலிந்துபோய், வாயெல்லாம் பல்லாக நின்றார் வந்தவர். வீட்டிலிருந்தவர் கண்கலங்கி, அவர் கையில் வீட்டுச் சாவியை வைத்தார்.

“உமக்கென்ன விசரே?” என்று சிரித்தார் வந்தவர். “அண்டைக்குப் பொலிஸ் வந்தபோது, ‘நான்தான் நாகேந்திரம்’ எண்டு முந்திக்கொண்டு போன கொப்பி நான். ஒறிஜினல் நீர் எங்க போறீர்?”

“எனக்காக உள்ளுக்கு இருந்தனீர். இனி நீர்தான் நாகேந்திரம்.”

“இல்லை, நீர்தான்!”

சண்டை முற்றுவதற்குள், இரண்டு இலை போட்டுவிட்டுப் பாலேஸ்வரி குரல் கொடுத்தாள்: “இஞ்சாருங்கோ, சோறு ஆறுது!”

“ஓம், வாறன்!” என்றார்கள் இரண்டு பேரும்.