குளியல் நாற்காலி

நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தாள்.

கடைக்காரப் பெண் சிரித்தாள். “உங்களுக்குங்களா அக்கா?”

“அப்பாவுக்கு.”

அந்தச் சொல்லை வெளியாளிடம் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

குளியலறையில் போட்டுக்கொள்ளும் நாற்காலி. அலுமினியக் கால்கள், இருபுறமும் கைப்பிடி. மருத்துவச் சாமான்கள் விற்கும் அந்த ஈரோட்டுக் கடையில் பல வகை இருந்தன.

மடக்கும் வகை வேண்டாம் என்றாள். அப்பா எதையும் இழுத்துப் பார்க்கிறவர். விரல் நசுங்கும்.

வெள்ளை வேண்டாம். ஆஸ்பத்திரிச் சாமான் போலிருந்தால் பின்புறம் தூக்கி எறிந்துவிடுவார்.

காபி நிறத்தில் ஒன்று இருந்தது. எழும்போது அவர் வலது கையைத்தான் ஊன்றுவார். அந்தக் கைப்பிடியில் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினாள். அசையவில்லை.

“கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.”

“எதுலங்க?”

“தரையிலதான். வழுக்குதான்னு பாக்கணும்.”

அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஊற்றினாள்.

வழுக்கவில்லை.

போன வாரம் அப்பா குளிக்கப் போன இடத்தில் விழுந்திருந்தார். தம்பியின் மனைவி மேகலாதான் யாருக்கும் தெரியாமல் போன் செய்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் குளிக்கவே பயப்படுகிறார் என்றாள்.

பயம் என்பதை அவளால் அப்பாவோடு சேர்த்து நினைக்க முடியவில்லை.

அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது, வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொள்ள அவள் வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்று. அதன்பின் கேட்டவர்களிடமெல்லாம் தனக்கு ஒரே பையன் என்று சொல்லத் தொடங்கினார். ஊரும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டது. அம்மா இறந்தபோது பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினாள். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அவள் மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான்.

நாற்காலியைக் காரில் ஏற்றிக்கொண்டு அப்பா இருக்கும் ஊரான கோபிக்குப் போனாள். வீட்டுக்கு அல்ல. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தம்பி தனபால் சரக்கு ஆட்டோவோடு காத்திருந்தான்.

“நல்ல சாமானா இருக்குதுக்கா.”

கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“நீ வாங்குனதுன்னு தெரிஞ்சா உக்கார மாட்டாரு. நான் வாங்குனதாவே இருந்துட்டுப் போகட்டும்.”

“சரி.”

அதையேதான் அவளும் சொல்ல நினைத்து வந்தாள். அவன் சொன்னபோது கசந்தது.

ஆட்டோ கிளம்பியது. நாற்காலியின் கால்கள் வானத்தைப் பார்த்தபடி போயின. வளைவு திரும்பும்வரை நின்றாள். அங்கிருந்து நடந்தாலே வீடு வந்துவிடும்.

காரைத் திருப்பினாள்.

சில நாட்கள் பொறுத்து மேகலாவுக்குப் போன் செய்தாள்.

“உக்கார்றாரா?”

“தெனமும் அதுலதானுங்க அண்ணி குளிக்கறாரு. வர்றவங்களையெல்லாம் உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டறாரு.”

“என்ன சொல்றாரு?”

மேகலா தயங்கினாள்.

“சொல்லு மேகலா.”

“பையன்னா இப்படி இருக்கோணும்னு...”

அப்போது மேகலாவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. தேய்ந்திருந்தது. ஆனாலும் அதுதான்.

“ஆரு மேகலா போன்ல?”

“கடைக்காரங்க மாமா.” மேகலாவின் குரல் பதறியது. “நாற்காலி எப்படி இருக்குதுன்னு கேக்கறாங்க.”

“இங்க குடு.”

போன் கைமாறும் சரசரப்பு கேட்டது.

வைத்துவிடலாம். வைக்கவில்லை.

“வணக்கமுங்க. நாற்காலி அருமையா இருக்குதுங்க. எம்பையன் பாத்துப் பாத்து எடுத்திருக்கறான். நான் வாய் தொறந்து ஒண்ணும் கேக்கலீங்க. அவனாவே தெரிஞ்சு பண்ணியிருக்கறான்.”

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

“ஏனுங்க, லைன்ல இருக்கறீங்களா?”

“இருக்கறேனுங்க.”

குரலை மாற்றிப் பேசியிருக்கலாம். மாற்றவில்லை. அந்த வீட்டில் பேசிய குரலிலேயே பேசினாள். வேண்டுமென்றேதான்.

அந்தப் பக்கம் சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

“உங்களுக்கு அப்பா இருக்கறாருங்களா?”

“இருக்கறாருங்க.”

“அவருக்கும் இதுல ஒண்ணு எடுத்துக் குடுங்க. வயசானவங்க வாய் விட்டுக் கேக்க மாட்டோமுங்க. நீங்களாத்தான் பாத்துச் செய்யோணும்.”

“சரிங்க.”

“நல்லா இருங்க அம்மணி.”

இணைப்பு அறுந்தது.

வீட்டில் அவளை அம்மணி என்றுதான் கூப்பிடுவார்.

கடைத்தெருவில் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்.