உள்ளே இருப்பவர்கள்

இன்னும் ஒரு சுற்றுத் தாங்கினால் கோட்டை எனக்கு.

இந்த ஒரு வருடத்தில் நான் இவ்வளவு தூரம் வந்ததில்லை. பத்திநாதரண்ணன் துணிப்பைக்குள் கையை விட்டுப் புளியங்கொட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொட்டையிலும் ஓர் இலக்கம். தாயக்கட்டை உருட்டுவது ஹராம் என்று என் மனைவி ஸக்கியா சொன்னதால் வந்த ஏற்பாடு. ஆறு வந்தால்தான் அவருடைய பீரங்கி என் சுவரை உடைக்கும்.

மேசையில் இருந்தது யாழ்ப்பாணக் கோட்டை. மீன் அடைக்கும் வெள்ளை நுரைப்பெட்டியில், ரெஜிபோமில், வெட்டியது. உள்ளே போர்த்துக்கேயர், அது நான். வெளியே ஒல்லாந்தர், அது அவர்.

கடைசிச் சுற்று வரை நின்றுபிடித்தால் கப்பல் வந்து என் ஆட்கள் தப்புவார்கள். இல்லாவிட்டால் அத்தனை பேரையும் நானே பொறுக்கி பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். தோற்றவன் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்பது விதி.

இதுவரை ஒவ்வொரு முறையும் பொறுக்கியிருக்கிறேன்.

பள்ளிவாசல்துறையில் படகு மெஷின் திருத்தும் கொட்டில் அவருடையது. போன மாரிக்கு உப்பளத்தில் வேலை நின்றபோது, மெஷின் தூக்கிக் கொடுக்கும் கூலிக்கு அங்கே போனேன். ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த அவருடைய மருமகன் விட்டுப்போன பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. சுண்டுவிரல் அளவில் பிளாஸ்டிக் சிப்பாய்கள், கூடவே விளையாட்டு விதிப் புத்தகம். பத்திநாதரண்ணன் அவர்களை அச்செடுத்து, வலையில் கட்டும் ஈயக்குண்டை உருக்கி ஊற்றி, இரண்டு படை ஆக்கிவிட்டார். வர்ணம் தீட்டத்தான் ஆள் இல்லை.

என் கையைப் பார்த்து அவர் சிரித்திருக்கலாம். உப்புத் தண்ணீரில் வெடித்த கை. கூடையும் மண்வெட்டியும் பிடித்த கை. அவர் சிரிக்கவில்லை. கையில் பூசத் தேங்காய் எண்ணெயை என் பக்கம் தள்ளிவைத்தார், பிறகு பிரஷைத் தந்தார்.

படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற். முதல் சிப்பாய் சேற்றில் விழுந்து எழும்பியவன் மாதிரி இருந்தான். போகப் போகச் சட்டைப் பொத்தான் தெரிந்தது. தொப்பியில் இறகு தெரிந்தது.

மூட்டை தூக்குவதைத் தவிர இந்தக் கைக்கு வேறொன்றும் வரும் என்று நாற்பது வயதுக்குப் பிறகு தெரியவந்தது. வேலையில்லாத மாரியில் மனுசன் கெட்டுப்போக எவ்வளவோ வழி இருக்கிறது. நான் கெட்டுப்போகவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், அல்லாஹ்வுக்கும் அவருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால், என் வீடு இருக்கும் தில்லையடியிலிருந்து கொட்டிலுக்கு பஸ் ஏறிவிடுவேன்.

சிப்பாய்களுக்குக் கண் மட்டும் நான் வைப்பதில்லை. அதுவும் ஸக்கியா சொன்னதுதான்.

"கண் இல்லாத படை. அதுதான் ஒவ்வொருக்காவும் தோக்கிறீர்," என்பார் பத்திநாதரண்ணன். "ஒருக்கா வெளியால வந்து நில்லுமன், றஊப். ஒல்லாந்தனை எடுத்தா வெல்லலாம்."

"வேணாம் அண்ணன். நான் உள்ளயே இருக்கிறன்."

கொட்டை வெளியே வந்தது. திருப்பிப் பார்த்தார். ஆறு.

அவர் சுவர்த்துண்டைத் தூக்கி அப்பால் வைத்தார். உள்ளே என் ஆட்கள் அப்படியே நின்றார்கள். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. டின்னை என் பக்கம் தள்ளினார்.

"சரி, பொறுக்கும். எவ்வளவு நேரம் வேணும்? ரெண்டு மணித்தியாலம் காணுமோ?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. சிரித்த வாய் மூடவில்லை, ஆனால் சிரிப்பு இல்லை.

நான் டின் மூடியைத் திறந்தேன். ஓரத்தில் நின்றவனைப் பிடித்தேன். சின்ன ஈயத்துண்டு. மூட்டை மூட்டையாகத் தூக்கிய கைக்கு அதைத் தூக்க முடியவில்லை.

அவர் டின்னைத் தன் பக்கம் இழுத்தார்.

"இருங்கோ," என்றார். "ஒருத்தரும் போகத் தேவையில்ல."

"விதிப்படி நான்தானே அண்ணன் போக வேணும்."

வென்ற தன் ஒல்லாந்தரை, பீரங்கியோடு, அவர் ஒவ்வொருவராக எடுத்து டின்னுக்குள் போட்டார். மூடியை அமத்தினார். உடைந்த கோட்டைக்குள் என் ஆட்கள் மட்டும் நின்றார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், யாழ்ப்பாணம் சோனகதெருவில், எங்களுக்குத் தந்த நேரம் ரெண்டு மணித்தியாலம். துவக்கோடு வந்த தமிழ் இயக்கக்காரர் தந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும். தெருமுனையில் உம்மாவின் காதில் கிடந்ததையும் கழற்றச் சொன்னார்கள். நான் வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தமிழ்ச் சனம் வாசல் படலையில் நின்று பார்த்தது. வாய் திறக்க அவர்களுக்கும் பயம்.

பத்திநாதரண்ணன் அப்போது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். பிறகு சண்டையில் அவருக்கும் ஊர் இல்லாமல் போய்விட்டது. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இந்த ஒரு வருடத்தில் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை.

வாப்பா, அகதியாக வந்து சேர்ந்த தில்லையடியில்தான், ஊர் திரும்பாமலே மவுத்தானார். போக வேண்டாம் என்று அவரிடம் சொல்ல அன்றைக்கு அந்தத் தெருவில் ஒருவரும் வரவில்லை.

அண்ணன் தேத்தண்ணி போட எழும்பிப் போனார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு வருடமாக என்னை 'நீர்' என்று கதைப்பவர். எனக்கு மட்டும் சொல்வதென்றால் 'இருங்கோ' இல்லை, 'இரும்' என்றிருப்பார்.