மாடிக்குத் தனிப் படி

“உங்க யோசனையை நீங்களே வச்சுக்குங்க! எனக்கு வேண்டியது அனுமதி!”

பெயிண்டர் போட்ட சத்தத்தில் நகராட்சியின் கட்டடப் பிரிவே திரும்பிப் பார்த்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் அதிகாரி அசரவில்லை. வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

“மாடி ரூம் வேண்டாம்னு சொல்லலீங்க. படியை மட்டும் வெளியில வைக்காதீங்க. ஹாலுக்குள்ள வைங்க. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

“ஹால்ல படி வச்சா நாங்க எங்கம்மா உட்கார்றது? படிமேலயா?”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். பெயிண்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் பாதி மாடிகளுக்கு அவர்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார். சொந்த மாடி இப்போதுதான் கைகூடி வந்தது. அதுவும் தனக்காக இல்லை, மகனுக்காக. வெளியூரில் வேலை பார்ப்பவன். கல்யாணமானதிலிருந்து விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தான். போன மாதம் போனில், “மாற்றல் கேட்டிருக்கேன்பா. கிடைச்சா அங்கேயே வந்துடலாம்னு இருக்கோம்” என்றான்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருமகள் தனியாக இருந்து பழகியவள். அவர்களுக்கென்று தனிப் படி, தனி வாசல், தனிச் சமையலறை எல்லாம் வேண்டும். ஒரு குறை இருந்தாலும் மறுபடி கிளம்பிவிடுவான்.

“போன தடவை வெளிப்படிக்குச் சரின்னுதானே தலையாட்டினீங்க?”

அதிகாரி தயங்கினாள்.

“இடம் குறுகல்தான். யாரும் ஆட்சேபம் சொல்லலைன்னா விட்டிருப்போம். உங்க தெருவிலிருந்து ஒருத்தங்க நேர்ல வந்து, வெளிப்படி கூடாதுன்னு சொல்லிட்டாங்க. யாருன்னு மட்டும் கேட்காதீங்க.”

கேட்பானேன்? அவருக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுத் தையல்காரன்தான். படி வந்தால் அவன் ஜன்னல் மறையும்.

நேரே அங்கேதான் போனார்.

“ஏம்பா, என் பிள்ளை வந்து என்கூட இருக்கறது உனக்குப் பொறுக்கலையா?”

தையல்காரர் மெஷினை நிறுத்தினார்.

“நானா? ஆபீஸ்லேருந்து வந்து என்கிட்டயும் கேட்டாங்கண்ணே. ஜன்னல் மறைஞ்சா லைட்டைப் போட்டுக்கறேன், அண்ணன் பையன் வந்து சேரட்டும்னு சொல்லி அனுப்பினேன்.”

பெயிண்டரின் முகம் தொங்கிப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பொரிந்து தள்ளினார்.

“அந்த ஆபீசுக்கு நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். பெத்த பிள்ளைக்கு ஒரு ரூம் கட்ட விடமாட்டேங்கறாங்க. எந்தப் புண்ணியவான் போய் வத்தி வச்சானோ! என் கையில மட்டும் கிடைக்கட்டும்...”

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“நான்தாங்க.”

“என்னது?”

“அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் போய்க் கெஞ்சினேன். படியை உள்ள வைக்கச் சொல்லுங்கன்னு.”

பெயிண்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அடிப்பாவி! அவன் எப்ப வருவான், எப்ப வருவான்னு என்னைவிட நீதானே தவிச்சுக் கிடக்கறே? நீயே போயா குறுக்க நின்னே?”

“உள்ள படி இருந்தா, வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் அவன் நம்மளைத் தாண்டித்தானே போகணும்? ஒரு வார்த்தை பேசலைன்னாலும் முகத்தையாவது பார்த்துக்குவேன்.”

கையிலிருந்த துணியை ஓரமாக வைத்தாள்.

“படியை வெளியில வச்சுட்டா, அவன் அந்த ஊர்ல இருந்தா என்ன, நம்ம தலைக்கு மேலயே இருந்தா என்னங்க?”