பாகில் விழுந்த ராஜா

இப்போதெல்லாம் விருந்துக்குப் போனால் சோறு செரிக்கும் வரைகூட மனுஷனைச் சும்மா இருக்க விடுவதில்லை. கையில் பென்சிலைக் கொடுத்து விளையாடச் சொல்கிறார்கள்.

அவர் பென்சிலைத் தொடவில்லை.

மேசைக்கு எதிர்ப்புறம் சம்பந்தி அர்த்தநாரி. நடுவில் அவர் மகள் கோகிலா. அர்த்தநாரி வீட்டு மருமகள்.

கதை சொல்கிறவள் அவள்தான். ஒரு சமையலறையைச் சொல்வாள். அதற்குள் ஆளுக்கொரு வேஷம். எல்லோரும் சுண்டுவிரல் நகத்தளவு உயரம். எறும்புதான் குதிரை. கரண்டிதான் பாலம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை ஒரு கட்டை தீர்மானிக்கும்.

கட்டைக்கு இருபது முகம்.

தாயக்கட்டைக்கு நாலு முகம் போதும். இருபது எதற்கு? ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறவன் செய்த கட்டை.

அர்த்தநாரி ராஜாவாகிவிட்டார். கேட்கவா வேண்டும்.

பென்சிலைத் தொடாதவருக்கு வந்தது தையல்காரன். முதுகில் ஒரு ஊசி. இடுப்பில் ஒரு கண்டு நூல்.

ராஜா இப்போது சட்டிக்குள் விழுந்து கிடந்தார். கச்சாயப் பலகாரத்துக்குக் காய்ச்சி இறக்கிய வெல்லப்பாகு. ஆற ஆற இறுகும்.

"பன்னெண்டுக்கு மேல விழுந்தா ஏறிரலாமுங்க மாமா."

அர்த்தநாரி உருட்டினார். ஐந்து.

முழங்கால் வரை பாகு.

மறுபடி உருட்டினார். மூன்று.

இடுப்பு வரை.

அர்த்தநாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சம்பந்தி, அந்த நூலைக் கொஞ்சம் உள்ள விடுங்க. ராஜா வெல்லத்துல செத்தான்னா ஊரே சிரிக்குமுங்க."

"அப்பா, நூல விட்டீங்கன்னா கட்டையே உருட்ட வேண்டாமுங்க. மாமா பொழைச்சுக்குவாரு."

நூல் அவர் இடுப்பில் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால்.

சம்பந்தி விருந்து. மாப்பிள்ளை வீட்டார் அப்போது இருந்த தனிவீட்டில், வாசலை அடைத்துப் போட்ட பந்தல். முதல் பந்தி. அவருக்கு இலை போட்டாகிவிட்டது. தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டார். உப்பு வந்துவிட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது.

"மில் முதலாளி நிக்கிறாருங்க. நீங்க நம்ம வீட்டு ஆளு. அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம்."

எழுந்தார். கிணற்றுக்கு போர் போடும் வண்டி ஓட்டின உடம்பு. எத்தனையோ முதலாளி வாசலில் நின்ற கால்கள்தான். ஆனால் சம்பந்திக்கென்று போட்ட விருந்தில், சம்பந்தியை, உப்பு வைத்த இலையிலிருந்து.

அடுத்த பந்தியில் அவர் உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இவர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

"அப்பா?"

"நூல் இருக்குது. விடமாட்டேன்."

அர்த்தநாரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ராஜா என்ன தப்புப் பண்ணினாரு?"

"இலையில உக்காந்தவனைத் தோளத் தொட்டு எழுப்புன கை அது. இன்னைக்கு மேல நீட்டுனா நான் புடிக்கணுமா?"



கோகிலா இருவரையும் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தாள்.

"நெஞ்சு வரைக்கும் வந்திருச்சுங்க மாமா," என்றாள். குரல் கதை சொல்கிற குரலாக இல்லை.

அர்த்தநாரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல.

பிறகு மெல்லச் சொன்னார். "ராஜா மன்னிப்புக் கேக்குறாருங்க."

அவர் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். ஆறு வருஷமாக.

வந்த வார்த்தையைப் புரட்டிப் பார்த்தார். கட்டையைப் பார்த்த மாதிரியே.

"என்னை எழுப்புனது ராஜா இல்லீங்க."

அர்த்தநாரி மருமகளைப் பார்த்தார். அவள் முன்னால் எப்படிக் கேட்பது.

பாகுக்கு அதெல்லாம் தெரியாது.

"அம்மிணி," என்றார் அவர், "உன்ற கணக்குப்படி ஆறிருச்சா இல்லையா?"

அவள் காகிதத்தில் ஒரு கோடு போட்டாள்.

"ஆறிருச்சுங்கப்பா."

"அப்பச் சொல்லு."

"ராஜா செத்துட்டாரு."

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிறைய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். ஒரு வாய்ச் சோறு இறங்கின மாதிரியாவது. ஒன்றும் இறங்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அந்தத் தோள்தான்.

செருப்பு மாட்டும்போது பின்னால் குரல் வந்தது.

"அன்னைக்கு நானும் சாப்பிடலைங்க, சம்பந்தி."

அவர் திரும்பவில்லை.

"ஆமாங்கப்பா," என்றாள் கோகிலா. "நான் பக்கத்து இலையிலதான் இருந்தேன். மாமா கையே வைக்கலை. இலைய அப்படியே மூடிட்டாரு."

மருமகள் வேறென்ன சொல்வாள். ஆறு வருஷம் இல்லாத சாட்சி, கட்டை உருண்டதும் வந்துவிடுமா.

"கச்சாயம் கட்டி வச்சிருக்கேனுங்கப்பா..."

"வேண்டாம்."

நான்கு மாடி. லிஃப்டை அவர் எப்போதும் நம்பியதில்லை. படியில் இறங்கினார்.

சாப்பிடலையாம். பொய்.

மூன்றாம் மாடி. பொய்யேதான்.

இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மூச்சு வாங்கத்தான்.

பிறகு இறங்கினார்.