கடல் வருதுப்பா!

“அப்பா, உடனே முகாமுக்குக் கிளம்புங்க!”

“காத்துதான் அடங்கிடுச்சேம்மா...” கடலோர வீட்டிலிருந்து பெரியவர் போனில் சிரித்தார்.

“காத்து இல்லப்பா, கடல்! புயல் தள்ளிட்டு வர்ற தண்ணி அலை மாதிரி வந்துட்டுத் திரும்பிப் போகாது. ஆள் உயரத்துக்கு வீட்டுக்குள்ளயே நிக்கும். நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் என் பல்லுல பச்சைத்தண்ணி படாது!”

முணுமுணுத்துக்கொண்டே முகாமுக்கு வந்தார். பெயர் எழுதிய அலுவலர் கேட்டார்: “பொண்ணு சொல்லித்தான் வந்தீங்களா?”

“எனக்குப் பொண்ணே கிடையாது சார். ராங் நம்பர். யார் பெத்த பிள்ளையோ, பட்டினி கிடக்குமேன்னு வந்தேன்.”

அலுவலர் நிமிர்ந்தார். “உங்களுக்கு முன்னால வந்த நாற்பது பேரும் இதையேதான் சொன்னாங்க. அது எங்க கட்டுப்பாட்டு அறைப் பொண்ணு. காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலை. இன்னும் நாலு வீடு பாக்கியாம்.”