ஒரு கை கொசுறு

"கால் றாத்தல் போஞ்சி எடுத்துட்டு, ஒரு கை கொச்சிக்காய் சும்மா கேக்கிறீங்களா?" என்றார் காய்கறிக் கடை லாபிர்.

"ஒரு கை இல்ல நானா, ரெண்டு கை. போன வாரம் நீங்க கொறச்சதையும் சேத்துப் போடுங்க" என்றாள் அன்னலட்சுமி.

"நான் இங்க யாவாரத்துக்கு ஈக்கிறனா, சதகா குடுக்கவா?"

"தர்மம் யாரு கேட்டா? சாமான் எடுத்தவளுக்குக் கொசுறு உண்டு. போடுங்க."

அக்குறணைச் சந்தையில் அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். லாபிர் முணுமுணுத்துக்கொண்டே மிளகாயை அள்ளிப் போட்டார். கூட வந்த ராக்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ராக்கம்மாவுக்குச் சந்தை என்றால் உயிர். ஆறு நாள் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரலுக்கு, ஏழாம் நாள் போஞ்சியை ஒடித்துப் பார்ப்பதிலும் பூசணியைத் தட்டிப் பார்ப்பதிலும் ஒரு சுகம். பச்சைக் கொத்தமல்லியை மோந்து பார்த்துவிட்டு வாங்காமல் வைத்தாலும் அன்றைக்கு அவளுக்குத் திருநாள்தான்.

அன்னலட்சுமியோடு வந்தால் எல்லாம் பாழ். கடைக்குக் கடை சண்டை. வெங்காயக் கடையில் நாலு பல் பூண்டு. கருவாட்டுக் கடையில் உடைந்த துண்டு. கீரை விற்கும் சிங்களக் கிழவியிடம், இன்னும் கொஞ்சம் என்பதற்கு, தனக்குத் தெரிந்த ஒரே சிங்களமான "தவ டிக்கக்"கைச் சொல்லிச் சொல்லியே ஒரு பிடி முருங்கைக்கீரை. காசு கொடுத்து எடுத்தது கூடையில் பாதிகூட இல்லை. கொசுறால் மடி வீங்கிவிட்டது.

புருஷனும் பெண்சாதியுமாக இருப்பது ரெண்டே பேர், எதுக்கு இம்புட்டு ஆசை என்று வழியில் ராக்கம்மா கேட்டே விட்டாள். கிடைக்கிறதை விடுவாங்களா என்று மட்டும் சொல்லிவிட்டு அன்னலட்சுமி முன்னால் நடந்தாள்.

ராக்கம்மாவுக்கு அவள்மேல் வேறொரு கோபமும் இருந்தது.

தேயிலை விலை விழுந்திருந்த வருஷம் அது. வேலை செய்த நாளுக்குக் கங்காணி சம்பளக் கணக்கில் பேர் போடவில்லை என்று அதே லயத்துக் காளிமுத்து நேரே தோட்டத்துத் துரையிடமே போய்ச் சொல்லிவிட்டான். அழகையா கங்காணி அவனுக்கு வேலையை நிறுத்திவிட்டார். அவன் வந்து காலில் விழும்வரைக்கும் அந்த வீட்டுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார். காளிமுத்து விழுகிற ஆள் இல்லை. அவன் பெண்சாதி பாலம்மா பிள்ளை பெற்று இருபது நாள்தான். வயிற்றுக்கு இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிப்போய், பிள்ளை கத்துவது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

அது போதாதென்று கங்காணி எல்லோரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் ஏற்றினார். ஓட்டை ஒடிசல் இல்லாமல் வாசகத்தையும் அவரே சொன்னார். என் காசில் எடுத்தது, என் அடுப்பில் வெந்தது, என் தோட்டத்தில் விளைந்தது எதுவும் காளிமுத்து வாசலுக்குப் போகாது.

எல்லோரும் தயங்கி நிற்க, முதல் ஆளாகப் போய்ச் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியவள் இந்த அன்னலட்சுமி. இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று ராக்கம்மா அன்றைக்கு நினைத்ததுதான், இன்னும் மாறவில்லை.

லயத்து முனையில் குடையும் கையுமாகக் கங்காணி நின்றார். சந்தையிலிருந்து வரும் ஒவ்வொரு கூடையையும் குனிந்து பார்த்தார். அன்னலட்சுமியின் கூடையில் ஒரு வீட்டுக்கு உள்ள சாமான்தான் இருந்தது. போகச் சொன்னார்.

அவள் தன் காம்பிரா வாசலைத் தாண்டிப் போனாள். பாலம்மாவின் வாசலில் நின்று மடியை அவிழ்த்தாள். கீரையும் பூண்டும் கருவாடும் கொச்சிக்காயும் பாலம்மாவின் முறத்தில் விழுந்தன.

கங்காணி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"சூடத்த அணச்ச கையிடி அது. மாரியாத்தா கண்ணப் புடுங்கிப்புடுவா."

அன்னலட்சுமி மடியை உதறிக்கொண்டு திரும்பினாள்.

"அணச்ச கைதாங்க ஐயா. என் காசுல எடுத்தது அந்தக் கூடையில கெடக்கு. இதுக்கு நான் காசு குடுக்கல. என் அடுப்புல வேகல, என் தோட்டத்துல வெளயல. நீங்க சொல்லிக் குடுத்த சத்தியத்துல கொசுறு இல்லையே."

கங்காணி சாட்சிக்கு, பின்னால் வந்து நின்ற ராக்கம்மாவைப் பார்த்தார்.

"நீ கூடத்தான போன? இவ காசு குடுக்கலையா? பாத்துச் சொல்லு, ஒனக்கும் நாளைக்கு நான்தான் பேர் போடணும்."

உள்ளே பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. ராக்கம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

"ஒரு சல்லி குடுக்கலீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம நானும் கொசுறு கேக்கப் போறேன்."